சாந்திவனம்: அமைதியைவிட வாதம் நன்றாகக் கிடைக்கும் இடம்

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் என்கிற சச்சிதானந்த ஆசிரமத்தை, அதாவது இந்தியத் துறவு வாழ்க்கையை ஏற்ற ஒரு கத்தோலிக்க ஆசிரமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள்: அமைதி. தென்னந்தோப்பு, காவேரிக் கரை, குடில், மௌனம் என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அமைதி மட்டும் வேண்டும் என்றால் கொல்லிமலையில் ஓர் அறை எடுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாந்திவனத்தில் கிடைப்பது வேறு. உன் கடவுளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று விடைகள் அங்கே ஒரே வளாகத்தில் குடியிருக்கின்றன. அதற்காகப் போகலாம். அந்தக் கேள்வி உறுத்தாதவர்களுக்கு அது நல்ல தென்னந்தோப்பு, அவ்வளவே.

நான் திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே அஞ்சல் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உறையூர்க்காரன், சைவன், சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வருகிறவன். கூட வந்தவர் பல ஆண்டுகள் இரவுப் பணியில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து கடிதம் பிரித்தவர். ஐந்து வேளை தொழுகை தவறாதவர். அலுவலகத்தில் எல்லாரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவோம். வண்டி வர நேரமாகும் இரவுகளில் நாங்கள் இருவரும் வாதாடாத விஷயம் கிடையாது. எங்களைப் போன்ற இரண்டு பேருக்கு இந்த இடம் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். யோகா கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

வழி எளிது. திருச்சியிலிருந்து கரூர் சாலையில் குளித்தலை சுமார் 35 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. அந்தப் பக்கத்துக் காவேரியை அகண்ட காவேரி என்பார்கள். எதிர்க்கரை முசிறி. நாங்கள் போனபோது ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரிந்தது. குடில்கள் சின்னவை. கட்டில், மேசை, கொசுவலை. துறவிகளின் இடத்துக்குப் போகிறோம் என்ற நினைப்போடு போனால் போதுமானவை. சாப்பாடு சைவம், தரையில் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல், கையால் சாப்பிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பாய் யோசிக்கவில்லை. சாப்பிட்டு எழும்போது ஒவ்வொரு வேளையும் என் தோள்தான் அவருக்குக் கைப்பிடி.

இனி, கோயில்.

அதைத் தேவாலயம் என்று சொன்னால் பார்க்காதவர்களுக்குப் படம் மனத்தில் விழாது. வாயிலில் சிறிய கோபுரம். அதில் சிலுவையிலிருந்து எழுவதுபோல மூன்று முகங்கள் கொண்ட ஓர் உருவம். நாம் மும்மூர்த்தி என்று நினைப்போம், அவர்கள் திரித்துவம், அதாவது தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள், என்பார்கள். உள்ளே திறந்த மண்டபம், அதற்கப்பால் இருட்டான கருவறை, மேலே விமானம். விமானத்தில் மரியாளும் புனிதர்களும் நம் ஊர்ச் சுதை வேலைப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பாய் கோபுரத்தடியிலேயே நின்றுவிட்டார். “அண்ணே, என் கேள்வி வாசலிலேயே நிற்கிறது” என்றார். மூன்று என்று சொல்லாதீர்கள் என்பது குர்ஆனின் நேரடியான கட்டளை. மூன்று முகத்தைப் பார்த்தவுடன் அவருக்கு அது நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. என் சிக்கல் நேர்எதிரானது. எனக்கு எல்லாமே பழகியதாகத் தெரிந்தது. பழகியதாகத் தெரிவதால் புரிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிற ஆபத்து இந்த இடத்தில் சைவனுக்குத்தான் அதிகம்.

ஆசிரமத்தின் கதை தெரியாமல் அந்தக் கோபுரத்தைப் படிக்க முடியாது. ழூல் மோன்ஷனேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1939-இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். திருச்சி மறைமாவட்டத்தில் கிராமத்துப் பங்குக் கோயில்களில் வேலை செய்தார், குளித்தலையிலும் இருந்தார். 1948-இல் ஆன்றி லெ சோ என்ற பெனடிக்ட் சபைத் துறவி வந்து சேர்ந்தார். அன்றைய திருச்சி ஆயர் மென்டோன்சாவின் அனுமதியோடு இருவரும் 1950-இல் இந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி உடுத்தினார்கள், பெயரை மாற்றிக்கொண்டார்கள். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். சேர்வதற்கு ஆள்தான் வரவில்லை.

சச்சிதானந்தம் என்ற பெயரிலேயே அவர்கள் இறையியல் அடங்கியிருக்கிறது. சத்து என்ற இருப்பு தந்தை, சித்து என்ற அறிவு மகன், ஆனந்தம் தூய ஆவி. இந்த இணைப்பு அவர்கள் கண்டுபிடித்ததல்ல. வங்காளத்தில் பிரம்மபாந்தவ் உபாத்யாயர் 1898-லேயே இதை வைத்துச் சமஸ்கிருதத் துதி இயற்றியிருந்தார். ஆனால் இந்த இணைப்பை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் மோன்ஷனேன், லெ சோ, பின்னால் வந்த பீட் கிரிஃபித்ஸ் என்ற மூன்று பேரும் மூன்று திசை.

மோன்ஷனேன் படித்தவர், கவனமானவர். வேதாந்தத்தை மதித்தார். ஆனால் அது கிறிஸ்துவில் நிறைவு பெற வேண்டும் என்று நினைத்தார். நிறைவு பெறுவது என்றால் அப்படியே நடந்து வந்து சேர்வதல்ல. தன்னை இழந்து, மாறி, மறுபடி எழுவது. ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்கிற அத்வைதத்துக்கும் திரித்துவத்துக்கும் இடையில் உள்ள பள்ளம் எவ்வளவு ஆழம் என்று வருடங்கள் போகப் போக அவருக்குக் கூடுதலாகத் தெரிந்ததே தவிர, பாலம் தெரியவில்லை. 1957-இல் சிகிச்சைக்காகப் பாரிசுக்குப் போனவர் அங்கேயே காலமானார். தோற்றவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அவரைத்தான் மிகவும் பிடித்தது. பள்ளம் இருக்கிறது என்று சொல்லக்கூடியவனோடுதான் நம்பிக் கைகுலுக்க முடியும்.

லெ சோ வேறு மாதிரி. 1949-இல் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைப் பார்த்தார். அதன் பிறகு அவர் பழைய ஆள் இல்லை. அருணாசலத்துக் குகைகளில் தங்கினார். திருக்கோவலூரில் ஞானானந்தரைக் குருவாகக் கண்டார். அத்வைதம் அவருக்குப் படிக்கிற பாடமாக இல்லாமல் அனுபவமாகிவிட்டது. ஆனால் திருப்பலி என்ற கத்தோலிக்கப் பூசையை விடவும் முடியவில்லை. இரண்டும் உண்மை, இரண்டும் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கின்றன. இரண்டையும் இழுபறியோடு, விடியும்வரை பிடித்துக்கொண்டிருப்பதே வழி என்று கடைசிக் காலக் கடிதம் ஒன்றில் எழுதினார். எத்தனை ஆண்டுகள் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று அவர் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். 1968-இல் சாந்திவனத்தை விட்டு இமயத்துக்கே போய்விட்டார். 1973 டிசம்பரில் இந்தூரில் இறந்தார். அவருடைய எச்சங்களைப் பிற்பாடு இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அதே 1968-இல் கேரளத்துக் குரிசுமலையிலிருந்து வந்து ஆசிரமத்தை எடுத்துக்கொண்டவர் பீட் கிரிஃபித்ஸ், ஆக்ஸ்போர்டில் படித்த ஆங்கிலேயர். இன்று நாம் பார்க்கும் சாந்திவனம் பெரும்பாலும் அவர் ஆக்கியது. வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வர ஆரம்பித்ததும் அவராலேயே. 1993-இல் இங்கேயே காலமானார், சமாதியும் இங்கேதான். அவருடைய விடை இனிமையானது. மதங்கள் விரல்கள்போல, நுனியில் தனித்தனி, உள்ளங்கையில் ஒன்று என்பார். கேட்டவுடன் எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருப்பேன். பக்கத்திலிருந்த பாய் விட்டால்தானே.

“சரி அண்ணே, அந்தக் கை யாருடையது?” என்றார்.

இந்தக் கேள்விதான் எங்கள் தங்கல் முழுக்க ஓடியது. சாந்திவனத்துக்கு நான் மதிப்பெண் போடுவதென்றால், இப்படி ஒரு கேள்வி எழுவதற்கு இடம் கொடுத்ததற்காகத்தான் போடுவேன்.

கிறிஸ்தவத் தரப்பில் இந்தக் கேள்விக்கு அதிகாரபூர்வமான பதில் ஒன்று உண்டு. கத்தோலிக்க ஆயர்கள் உலகம் முழுவதிலிருந்தும் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக இருக்கிற எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றது. 2,221 பேர் ஆதரவு, 88 பேர் எதிர்ப்பு. இந்து சமயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஏடு அது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் பம்பாய்க்கு வந்த போப் ஆறாம் பவுல், பிற சமயத்தவர் முன்னிலையில் ‘அசதோ மா சத் கமய’ (பொய்யிலிருந்து மெய்க்கு அழைத்துப் போ) என்ற உபநிடத மன்றாட்டை எடுத்துச் சொன்னார். அதன் இறையியல் அடித்தளம் இன்னும் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற மறைசாட்சி, இறைவனின் வார்த்தை மனிதர்கள் எல்லாரிடமும் விதையாக விழுந்திருக்கிறது என்று எழுதினார். கிரேக்கத் தத்துவவாதிகளிடம் அந்த விதை இருந்தது என்றால் மாணிக்கவாசகரிடம் இருக்கக்கூடாதா? இதுதான் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் கை யாருடையது என்று கேட்டால், கிறிஸ்துவினுடையது என்பதே இதன் விடை. 2000-ஆம் ஆண்டில், பின்னாளில் போப் ஆன, அப்போது கர்தினாலாக இருந்த ராட்சிங்கர் கையெழுத்திட்டு வெளியான அறிவிப்பு, யாருக்கும் சந்தேகம் இருக்கக்கூடாது என்று அதைக் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது. மீட்பு வருவதெல்லாம் கிறிஸ்து ஒருவர் வழியாகத்தான்.

இதைப் படித்து முகம் சுளிக்கும் சைவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மேடைகளில் சமய நல்லிணக்கம் என்றால் உடனே எடுத்து வீசும் பாட்டு ஒன்று உண்டு. அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் என்ற பகுதி:

யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வ மாகி ஆங்கே
மாதொரு பாக னார்தாம் வருவர்

எவ்வளவு தாராளம் என்று கைதட்டுவார்கள். இந்த இரண்டடியோடு நிறுத்திக்கொள்வதால்தான் தாராளமாகத் தெரிகிறது. அதே பாட்டின் அடுத்த பாகம் என்ன சொல்கிறது? மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், பிறக்கும், இறக்கும், வினையும் செய்யும். இவை எதுவும் இல்லாத ஒருவனே அந்த வழிபாட்டை அறிந்து அருள முடியும். நீ யாரைக் கும்பிட்டாலும் வருகிறவன் சிவன்தான், மற்றவர்களால் வர இயலாது. வத்திக்கானும் அருணந்தியாரின் திருத்துறையூரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. உன் விரலை வெட்டவில்லை, ஆனால் கை என்னுடையது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அருணந்தியார் சுபக்கம் எழுதுவதற்கு முன்னால் பிறர் கொள்கைகளை எடுத்து ஆராயும் பரபக்கம் எழுதினார். உலகாயதர், பௌத்தர், நிகண்டவாதி, ஆசீவகர், மாயாவாதி என்று பதினான்கு தரப்பை முதலில் அவரவர் நியாயத்தோடு எடுத்து வைத்துவிட்டுப் பிறகுதான் மறுக்கிறார். மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயக்கணக்கர், அதாவது பல சமயங்களின் வாதிகள், ஒவ்வொருவரிடமும் போய், உன் கொள்கை என்ன என்று நின்று கேட்கிறாள். எதிராளி சொல்வதைச் சரியாகத் திருப்பிச் சொல்லத் தெரிந்த பிறகு மறுப்பது தமிழில் பழைய ஒழுங்கு. ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்று தோளில் தட்டுகிறவர் இந்த உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறவர். அவரோடு பேச ஒன்றுமில்லை.

பாயின் விடை மேலும் வித்தியாசமானது. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் நாற்பத்தெட்டாம் வசனம். உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டத்தையும் ஒரு வழியையும் ஆக்கினோம், இறைவன் நாடியிருந்தால் உங்களை ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான், ஆகவே நன்மைகளில் முந்திக்கொள்ளுங்கள், நீங்கள் எல்லாரும் திரும்பிப் போவது அவனிடமே, எதில் வேறுபட்டீர்களோ அதை அப்போது அவன் அறிவிப்பான். “பல விரலாக இருப்பதே அவன் விருப்பம் அண்ணே. கை யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்களுக்கு அதை நிரூபிக்கும் வேலையை என்னிடம் தரவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது, தீர்ப்பு நாளில்” என்றார். தீர்ப்பைத் தள்ளி வைப்பதே பேச்சுக்கு இடம் உண்டாக்குகிறது என்பது எனக்குப் புதிய கோணம். 2007-இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடலும் குர்ஆனிலிருந்துதான் புறப்படுகிறது. வேதக்காரர்களே, நமக்கும் உங்களுக்கும் பொதுவான ஒரு சொல்லுக்கு வாருங்கள் என்ற மூன்றாம் அத்தியாயத்து வசனம். இறையன்பும் அயலாரன்பும் இருவருக்கும் பொது என்பது அந்த மடலின் சாரம். திரித்துவத்தைப் பற்றி ஒத்துப்போய்விட்டோம் என்று அதில் யாரும் பாசாங்கு செய்யவில்லை.

இனி மன்றாட்டு. நாளுக்கு மூன்று வேளை கூடுகிறார்கள். சமஸ்கிருத மந்திரம், தமிழ்ப் பாட்டு, பைபிளின் சங்கீதப் பாடல், பைபிள் வாசகம், அதோடு பிற சமய நூல்களிலிருந்து ஒரு வாசகம். முடிவில் ஆரத்தி. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. விருந்தினர் விரும்பினால் வந்து உட்காரலாம், கட்டாயம் இல்லை. பாய் முதலில் மண்டபத்துக்கு வெளியே தென்னை நிழலில் உட்கார்ந்தார், பிறகு உள்ளே வந்து பின்வரிசையில்.

ஒரு மாலையில் வாசகமாக மாணிக்கவாசகரின் சிவபுராணத்திலிருந்து எடுத்தார்கள். புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி என்று தொடங்கி எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான் வரை. வாசித்த இளைஞருக்குத் தென்மாவட்ட உச்சரிப்பு, அழகாகவே வாசித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது, அதே நேரத்தில் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இது மறுபிறப்பைப் பற்றிய பாட்டு. கிறிஸ்தவத்தில் மறுபிறப்புக்கு இடமே இல்லை. மனிதர் ஒரே முறை இறக்கிறார், பின்பு தீர்ப்பு. அப்படியென்றால் இந்த வரிகளை இந்த மண்டபத்தில் எப்படிக் கேட்பது? இளைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பிறப்பை விட்டுவிடுவதா? மாணிக்கவாசகர் எதைச் சொன்னாரோ அதை விட்டுவிட்டு, எப்படிச் சொன்னார் என்பதை மட்டும் ரசிப்பது அவருக்கு மரியாதையா? பிற சமய நூல்களைக் கிறிஸ்தவர்கள் எந்த முறையில் படிக்கலாம் என்று 1974-இல் பெங்களூரில் அமலோற்பவதாஸ் அடிகள் ஓர் ஆய்வரங்கமே கூட்டினார். தென்னார்க்காட்டுத் தமிழர் அவர். கேள்வி புதிதல்ல. ஆனால் அதைக் கட்டுரையில் படிப்பதற்கும், சாம்பிராணிப் புகைக்கு நடுவில் பக்கத்துச் சம்மணத்தில் ஒரு ஜெர்மன்காரர் கண்மூடி உட்கார்ந்திருக்க, நம் சிவபுராணம் காதில் விழும்போது சந்திப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வாசகம் முடிந்து ஆரத்தி. பிறகு திருநீற்றுத் தட்டு வரிசையில் வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் விரல் நுனியில் தொட்டு நெற்றியில் ஒரு கீற்று வைத்துக்கொண்டார். நான் வழக்கம்போல மூன்று விரலில் அள்ளி, சிவசிவ என்று சொல்லிப் பட்டையாகப் பூசிக்கொண்டேன். தட்டு ஏந்திய சகோதரர் கொஞ்சம்கூட முகம் மாறவில்லை. அடுத்து பாய். அவர் வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலையசைத்தார். தட்டு அரை நொடி நின்றது, சகோதரரும் தலையசைத்தார், தட்டு அடுத்தவரிடம் போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பல சமய நல்லிணக்க விழாக்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று உடையில் மூன்று பேரை நிறுத்தி, கையைக் கோத்து உயர்த்திப் படம் எடுப்பார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொல்வதற்கு அங்கே வழியே வைத்திருக்க மாட்டார்கள்.

அன்று இரவு குடில் திண்ணையில் பாய் கேட்டார்: “நீங்கள் பூசிய நீறும் அவர்கள் பூசிய நீறும் ஒன்றா?” மந்திரமாவது நீறு என்று திருஞானசம்பந்தர் பாடிய நீறு எனக்கு. நெருப்பில் மாசு நீங்கிய பொருள், மனம் திரும்புதலின் அடையாளம் என்பது அவர்கள் விளக்கம். சாணம் ஒன்றாக இருக்கலாம். பொருள் ஒன்றல்ல. ஆனால் முழுக்க வேறு என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. லெ சோ இமயத்துக்கு ஓடியது ஏன் என்று கொஞ்சம் விளங்கியது.

நூலகம் தனியாகக் குறிப்பிட வேண்டியது. நிறுவியவர்களின் எழுத்துகளைத் தேடிப் படிக்க அந்த ஊரிலேயே உட்கார்ந்து படிப்பதைப் போன்ற வசதி வேறு இல்லை. ஆங்கிலம் தெரிந்திருந்தால் நல்லது.

இனி என் மாற்றுக்கருத்து. பராமரிப்பைப் பற்றியதல்ல, அடித்தளத்தைப் பற்றியது. மூன்று ஐரோப்பியர்களும் இந்து சமயம் என்று தேடியது பெரும்பாலும் வேதாந்தத்தை. பெயர்ப்பலகையில் இருப்பது வேதாந்தம், மண்டபத்தில் முதலில் கேட்பது சமஸ்கிருதம். அவர்கள் உட்கார்ந்த கரையிலோ சித்தாந்தம் விளைந்து கிடந்தது. பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற கட்டு, மூன்றும் என்றும் உள்ளவை. உயிர் இறைவனோடு இரண்டறக் கலந்தாலும் இறைவனாகிவிடுவதில்லை. ஒன்றும் அல்ல, இரண்டும் அல்ல. ஆத்மாவே பிரம்மம் என்ற வாக்கியத்தோடு மோன்ஷனேனும் லெ சோவும் பட்ட பாட்டில் பாதியைச் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் மிச்சப்படுத்தியிருப்பார். அருள் இல்லாமல் வீடில்லை என்று சொல்கிற மரபு, அருளைப் பற்றியே பேசுகிற கிறிஸ்தவத்துக்கு எவ்வளவு நெருக்கமான வாதத் துணை! ஜி.யு.போப் திருவாசகத்தை மொழிபெயர்த்து 1900-இலேயே வெளியிட்டுவிட்டார். மரியசூசை தவமணி அடிகள் சித்தாந்தத்தின் இறையன்பைப் பற்றி ஆராய்ந்து 1971-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். சாந்திவனத்தின் மாலை வாசகத்தில் மாணிக்கவாசகர் இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளியாக இருக்கிறார். கட்டடத்தின் அஸ்திவாரத்தில் அவர் இல்லை.

வெளியிலிருந்து வந்த தாக்குதல்கள் இதைவிடக் கடுமையானவை. 1988-இல் சீதாராம் கோயல் கத்தோலிக்க ஆசிரமங்களைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். காவியும் ஓங்காரமும் மதமாற்றத்துக்குப் போட்ட வேடம் என்பது குற்றச்சாட்டு. வேடம் போட்டு ஆள் பிடிக்க வந்தவர்கள் என்றால், ஆரம்ப ஆண்டுகளில் அங்கே நிலவிய வெறுமையை வைத்துப் பார்த்தால் அதைவிடத் திறமையில்லாத வேடதாரிகள் உலகில் இருக்க முடியாது. எனினும் மற்றவரின் புனிதச் சின்னத்தை அவரிடம் கேட்காமல் எடுத்துப் புதுப் பொருள் கொடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ள முடியாது.

தலித் இறையியலாளர்களின் கேள்வி எனக்கு அதைவிடக் கனமாகப் படுகிறது. இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி அமைப்பிலிருந்து வெளியேறி வந்தார்களோ, அந்த அமைப்பின் உச்சியில் இருந்த மொழியையும் சடங்கையும் மறுபடி கொண்டுவந்து இதுதான் இந்தியத்தன்மை என்று அவர்கள் முன்னால் வைப்பது எப்படி? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, பரட்டை என்றால் பலருக்குத் தெரியும், நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து தின்பதை இறையியலாகவே சொன்னார். உபநிடதத்தோடு உரையாடுவது எளிது, அது எதிர்த்துக் கேட்காது. சேரியோடு உரையாடினால் கேட்கும். சாந்திவனத்தின் தரைப்பந்தியில் யாருக்கும் தனி வரிசை இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன், அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

யார் போகலாம்? தன் சமயத்தில் கொஞ்சமாவது கால் ஊன்றியவர்கள். தேவாரம் நாலு பதிகமாவது தெரிந்த சைவர், குர்ஆனைப் பொருளோடு படித்த முஸ்லிம், தங்கள் திருச்சபை 1965-இல் என்ன சொன்னது என்று இன்றுவரை எட்டிப் பார்க்காத கத்தோலிக்கர்கள், இவர்கள் எல்லாரும். நாத்திகர்களும் போகலாம், வாசகம் கேட்கச் சுவையாக இருக்கும். முடிந்தால் மாற்றுக்கருத்துள்ள ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். தனியாகப் போனால் மௌனம் உங்களோடு ஒத்துப்போய்விடும். சிறு குழந்தைகளோடு உல்லாசப் பயணமாகப் போக நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. குளிர்காலத்தில் வெளிநாட்டு விருந்தினர் அதிகம் வருவார்கள். வேட்டி, துண்டு, டார்ச் விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்கு மட்டும் ஒரு நடைமுறைச் சிக்கல். காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர் என்று ஒரே நாளில் மூன்று தலங்களைத் தரிசிக்கும் வழக்கம் குளித்தலைப் பக்கத்தில் உண்டு. கடம்பர் கோயில் குளித்தலையிலேயே இருக்கிறது. நண்பகலுக்கு ஐயர்மலை, ஆயிரத்துக்கு மேற்பட்ட படி. அந்திக்கு ஆற்றைத் தாண்டி ஈங்கோய்மலை. ஆசிரமத்தின் சந்தனம், குங்குமம், திருநீறும் இதே மூன்று வேளைகளில்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாது, தனி நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஐயர்மலைக்கு மோர் பாட்டில் அவசியம். பாய் அடிவாரத்தில் இளநீர்க் கடைக்காரரோடு பேசிக்கொண்டு இருந்துவிட்டார். நான் இறங்கி வருவதற்குள் அவர்கள் இருவரும் ஊழ் என்று ஒன்று உண்டா இல்லையா என்பதில் பாதி தூரம் போயிருந்தார்கள்.